இரும்பின் எடையும் புல்பாரின் விலையும்

ஒரு வண்டி உரிமையாளரின் கைக்கு வந்த பிறகு, அதைத் தயாரித்த நிறுவனம் அல்லாத வேறொருவர் செய்து விற்கும் பாகங்களையும் துணைக்கருவிகளையும் வாகனத் தொழிலில் ஆஃப்டர்மார்க்கெட் பாகங்கள் என்பர். இவற்றுள், சாலையற்ற மணலிலும் சேற்றிலும் பாறையிலும் ஓட்டப்படும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கான பாகங்கள் தனி வகை. முகப்பைக் காக்கும் புல்பார், புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், உயர்த்தப்பட்ட சஸ்பென்ஷன், சக்கரங்களை ஒன்றாகப் பூட்டும் லாக்கர் முதலியன இதில் அடங்கும். ஆஸ்திரேலியாவில் ஓர் எஃகு புல்பாரை வாங்கிப் பொருத்தி முடிக்கச் சில ஆயிரம் டாலர் ஆகிறது. அதில் உள்ள எஃகோ ஏறத்தாழ அறுபது கிலோ, தகடாக வாங்கினால் நூறு டாலரைச் சுற்றியே அடங்கிவிடும். இந்த இடைவெளியைக் காணும் பலர், பொழுதுபோக்கின் மேலுள்ள மோகத்தைக் காசாக்கும் கொள்ளை இது என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் பிழையானது. விலையில் உலோகத்தின் பங்கு சிறிது. அந்த உலோகம் ஒரு குறிப்பிட்ட வண்டியில் சட்டத்துக்கு உட்பட்டும் ஆபத்தின்றியும் உட்காருவதற்காக முன்கூட்டியே செய்யப்பட்ட வேலையின் பங்கு பெரிது. அந்த வேலையின் செலவை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதே விலையை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது.

இத்தொழிலை ஆராய ஆஸ்திரேலியாவைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. நகரங்களை விட்டு நீங்கினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தார்ச்சாலையே இல்லாத நிலப்பரப்பும், இருட்டிய பின் வண்டியின் குறுக்கே பாயும் கங்காருக்களும், உதவி வந்து சேர நாள்கணக்கில் ஆகக்கூடிய தொலைவும் அங்கே புல்பாரை அலங்காரமாக அன்றித் தேவையாகவே ஆக்கியுள்ளன. 1975-ஆம் ஆண்டில் டோனி பிரவுன் என்பவர் மெல்பர்னில் தொடங்கிய ஏஆர்பி என்னும் நிறுவனம் இன்று இத்துறையில் உலகின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் தம் ஆலைகளை மூடியதோடு ஆஸ்திரேலியாவில் கார் உற்பத்தி முற்றுப்பெற்றது. ஆனால் அங்கு அதிகம் விற்கும் ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற ‘யூட்’ வகை வண்டிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தாய்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்தன. இரு நாடுகளுக்கும் இடையே 2005 ஜனவரியில் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அந்த வரத்து பெருகிற்று. ஏஆர்பியும் தாய்லாந்தில் ஆலை அமைத்தது. வண்டி செய்யப்படும் நாட்டிலேயே அதன் துணைப்பாகத்தையும் செய்வதில் கூலிச் சிக்கனத்துக்கு அப்பாலும் ஒரு பொருளியல் நியாயம் உண்டு.

புல்பார் என்பது வளைத்துப் பற்றவைத்த குழாய் என்ற எண்ணம் 1970-களுக்குப் பொருந்தியிருக்கலாம். இன்றைய வண்டியின் முன்பகுதி ஓர் அளவிடும் கருவி. மோதலின்போது வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை ஒரு நொடியின் நூற்றில் சில பங்குக்குள் உணர்ந்தே காற்றுப்பைகள் விரிய வேண்டுமா, வேண்டாமா என்று மின்னணுக் கட்டுப்பாடு முடிவு செய்கிறது. வண்டியின் சட்டகத்தில் விறைப்பான எஃகுத் தண்டை நேரடியாக முடுக்கினால் அந்த வேகக்குறைவின் இயல்பே மாறிவிடும். சிறு இடிக்கே பை விரிந்துவிடலாம், அல்லது விரிய வேண்டிய கணத்தில் தாமதமாகலாம். ஆகவே புல்பாருக்கும் சட்டகத்துக்கும் இடையில், தொழிற்சாலை வண்டியில் இருந்த அதே அளவுக்கு நசுங்கும் தாங்கிகளை வடிவமைத்து, அவை அவ்வாறே நசுங்குகின்றன என்று மோதிப் பார்த்து மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. பாதசாரிகளுக்கு ஊறு குறையும்படி புல்பாரின் விளிம்புகளும் சாய்வும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2002-ஆம் ஆண்டிலிருந்தே அந்நாட்டில் தனித் தரநிலை உள்ளது. இவற்றின் மேல் இப்போது ரேடாரும் சேர்ந்துவிட்டது. முன்னே உள்ள தடையை உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு, புதிதாக அறிமுகமாகும் இலகுரக வண்டிகளில் 2023 மார்ச் முதலும், விற்பனையில் உள்ள எல்லா இலகுரக வண்டிகளிலும் 2025 மார்ச் முதலும் கட்டாயமாயிற்று. அதன் ரேடார் பெரும்பாலும் கிரில்லின் பின்னாலோ கீழ்ப் பம்பரிலோ, அதாவது புல்பார் வந்து மறைக்கும் இடத்திலேயே, அமைந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் பிசகினாலும் அதன் பார்வை கெடும். பார்க்கிங் சென்சார்களுக்கான துளைகள், பனிவிளக்கு, ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால், ஒரு வண்டிக்கான புல்பார் இன்னொரு வண்டிக்கு ஏன் பொருந்தாது என்பது விளங்கும்.

பொருந்தாமையே விலையின் வேர். ஆஸ்திரேலியாவில் 2023-இல் அதிகம் விற்ற வண்டி ஃபோர்டு ரேஞ்சர். எண்ணிக்கை 63 ஆயிரத்துக்கும் சற்று மேல். அடுத்து நின்ற ஹைலக்ஸ் 61 ஆயிரத்தைத் தாண்டியது. கடல் கடந்த ஏற்றுமதிச் சந்தைகளைச் சேர்த்தாலும், துணைப்பாகம் செய்வோருக்குக் கிடைப்பது இந்த எண்ணிக்கையில் ஒரு பகுதிதான். அதையும் பல நிறுவனங்கள் பிரித்துக்கொள்கின்றன. ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு வண்டிக்கான புல்பாரை அளந்து, வரைந்து, அச்சுகள் செய்து, மோதிச் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவர ஐந்து லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டிக்கு இருபதாயிரம் புல்பார்கள் விற்கும் நிலையில் ஒவ்வொன்றின் மேலும் ஏறும் சுமை 25 டாலர். ஐந்நூறு மட்டுமே விற்குமானால் அதே சுமை 1,000 டாலர். எஃகும் உழைப்பும் பவுடர் கோட்டிங்கும் இரண்டிலும் ஏறக்குறைய சமமே. அபூர்வ வண்டியின் உரிமையாளர் ஒரே வகைப் பாகத்துக்கு அதிகம் கொடுப்பதற்குக் காரணம் அவரை எவரும் ஏமாற்றியது அன்று, செலவைத் தாங்க அவருக்குத் துணையாக வேறு பலர் இல்லாததே.

எண்ணிக்கையோடு காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2015-இல் வந்த ஹைலக்ஸின் முகப்பு 2018-இலும் 2020-இலும் மாற்றியமைக்கப்பட்டது. வண்டி விற்போருக்கு அது புதுமை. புல்பார் செய்வோருக்கோ பழைய அச்சு பயனிழந்து, கிடங்கில் இருக்கும் சரக்கு ஒரே நாளில் பழைய மாடலுக்குரியதாகிவிடும் நெருக்கடி. மாறாக, 1984 முதல் உற்பத்தியில் உள்ள டொயோட்டா லேண்ட்குரூசர் 70 வரிசையின் முகப்பு 2007-இல் மாறிய பின்னர் 2023 வரை பெருமளவு அப்படியே நீடித்தது. சுரங்கங்களிலும் கால்நடைப் பண்ணைகளிலும் ஓடும் அவ்வண்டிக்குப் பெரிய நிறுவனங்களும் சிறு பட்டறைகளும் போட்டியிட்டுப் பாகம் செய்ய முடிந்ததில் இந்த நிலைத்தன்மைக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜீப் ராங்லரின் நிலையும் இதுவே. 2018-இல் மட்டும் அந்நாட்டில் 2.4 லட்சம் ராங்லர்கள் விற்றன. 2007-இல் தொடங்கிய அதன் ஜேகே தலைமுறை பத்தாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் தொடர்ந்தது. அவ்வண்டிக்கான பம்பரை மிகக் குறைந்த விலையிலிருந்து மிக உயர்ந்த விலைவரை எண்ணற்ற வகைகளில் வாங்க முடிவதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை.

செய்த பொருளைக் கொண்டுசேர்ப்பது அடுத்த சுமை. சரக்குப் போக்குவரத்தில் பொருளின் எடையை மட்டுமன்றி அது அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றனர். ஆஸ்திரேலியச் சாலைப் போக்குவரத்தில் ஒரு கன மீட்டரை 250 கிலோவாகக் கணக்கிடுவது பரவலான வழக்கம். இரண்டு மீட்டர் நீளமும் எழுபது சென்டிமீட்டர் அகலமும் அறுபது சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டியில் புல்பார் கட்டப்பட்டால் அதன் கன அளவு 0.84 கன மீட்டர். உண்மை எடை அறுபது கிலோ ஆயினும் கட்டணம் 210 கிலோவுக்கு. உள்ளே பெரும்பகுதி வெற்றிடமே. இதே காரணத்தால் கிடங்கிலும் புல்பார் தன் மதிப்புக்கு மீறிய இடத்தைப் பிடிக்கிறது. எவ்வளவு சிறிய பாகமானாலும் இடவாடகையும் முடங்கிய முதலும் இல்லாமல் இல்லை. ஆனால் புல்பாரில் அவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலையில் ஏறுகின்றன.

டிஃபரன்ஷியல் லாக்கரின் கதை வேறு. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடமளிப்பதே டிஃபரன்ஷியலின் பணி. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இதே அமைப்பு தரையிலுள்ள சக்கரத்துக்கு விசை போகாதபடி செய்து, தொங்கும் சக்கரத்தை வீணாகச் சுழற்றும். லாக்கர் இரண்டையும் பூட்டி ஒரே வேகத்தில் சுழலச் செய்கிறது. ஏஆர்பி 1987-இல் உரிமை வாங்கி வளர்த்தெடுத்த ஏர் லாக்கர், ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் அழுத்தக் காற்றால் பூட்டிக்கொள்வது. கம்ப்ரசரும் பொருத்துக்கூலியும் நீங்கலாக அதன் விலையே அமெரிக்காவில் ஆயிரம் டாலரைத் தாண்டும். வெளியே தெரியும் ஒரு பம்பர் கோணலானால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவே. வண்டியின் முழு விசையையும் சுமக்கும் பல்சக்கரம் உள்ளே உடைந்தால் ஆக்சில் முழுவதும் பாழாகும். எனவே உலோகத்தின் தேர்வு, சூடேற்றிக் கடினப்படுத்தும் முறை, கடைசலின் நுட்பம், சுழலும் உறுப்புக்குள் காற்றைக் கசியாமல் கொண்டுசெல்லும் சீல் ஆகிய ஒவ்வொன்றும் விலையை ஏற்றுகின்றன.

எனினும் இங்கேயும் பெருஞ்செலவு வகைப் பெருக்கத்திலிருந்தே வருகிறது. ஜீப்புகளில் பரவலாகக் காணப்படும் டானா 44 என்னும் ஆக்சிலை மட்டும் எடுத்துக்கொண்டால், அதன் கிரவுன்-பினியன் விகிதம் 3.73 வரை இருந்தால் ஒரு வகை உறையும், 3.92-உம் அதற்கு மேலும் இருந்தால் வேறு வகை உறையும் தேவை; ஆக்சில் தண்டின் முனையில் வெட்டப்பட்ட பற்களின் எண்ணிக்கை 30-ஆக இருந்தால் ஒன்று, 35-ஆக இருந்தால் மற்றொன்று. ஒரே பெயர் கொண்ட ஆக்சிலுக்கே இப்படி நான்கு பொருள்கள் கிடங்கில் இருக்க வேண்டும். உலகெங்கும் ஓடும் டொயோட்டா, நிஸான், மிட்சுபிஷி, ஃபோர்டு ஆக்சில்களுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், மாதத்துக்கு ஒன்றிரண்டே விற்கும் பொருளையும் ஆண்டுக்கணக்கில் வைத்துக் காக்க வேண்டிய நிர்ப்பந்தம் புரியும். அடுத்த வாரம் பாலைவனப் பயணம் புறப்படுகிறவர் கேட்கும்போது பொருள் கையில் இல்லையென்றால் அவர் வேறு நிறுவனத்திடம் போய்விடுவார். அதனால் விலையில் ஒரு பகுதி, காத்திருக்கும் சரக்குக்கான வாடகையே.

பொருத்துவதற்கான கூலியைப் பற்றிப் புலம்பல்கள் அதிகம்; அவற்றில் நியாயம் குறைவு. லாக்கரை மாட்டும் ஃபிட்டர் டிஃபரன்ஷியலை முழுதும் பிரித்து, கிரவுனும் பினியனும் பற்கள் கவ்வும் இடத்தில் எவ்வளவு தளர்ச்சி இருக்க வேண்டும் என்பதை டயல் கேஜ் வைத்து மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் அளந்து, மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார். பிறகு பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, கவ்வும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கிறார். விழவில்லையென்றால் மீண்டும் பிரிக்கிறார். இந்த வேலை தவறினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும். இவ்வளவு பொறுமைக்குக் கொடுக்கும் கூலியை மிகையென்று சொல்ல இடமில்லை.

பொறுப்பேற்பதற்கும் ஒரு விலை உண்டு. 1963-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், மரம் கடையும் பல்பயன் கருவி ஒன்றால் காயமுற்றவரின் வழக்கில் தீர்ப்பளிக்கையில், பொருளிலுள்ள குறையால் ஒருவருக்குக் காயம் நேர்ந்தால் உற்பத்தியாளரின் கவனக்குறைவை மெய்ப்பிக்காமலேயே அவரைப் பொறுப்பாக்கலாம் என்ற கோட்பாட்டை நிலைநாட்டிற்று. அமெரிக்கச் சட்டத்தில் அது பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது. சஸ்பென்ஷன் கையோ இழுவைக் கொக்கியோ செய்து விற்கும் நிறுவனம் அதன் பிறகு காப்பீட்டுத் தொகையை ஒவ்வொரு பொருளின் மேலும் ஏற்றியே விலை வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் வண்டியைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்த்தினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். வழுக்கலில் வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பு உயர்த்திய பிறகும் சரிவர இயங்குகிறது என்பதைச் சோதனை ஓட்டத்தில் காட்ட வேண்டும். அச்சோதனையைத் தானே செலவிட்டு நடத்தி ஆவணத்தோடு விற்கும் நிறுவனத்தின் சஸ்பென்ஷனும், அப்படி எதுவுமற்ற சஸ்பென்ஷனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

விற்பனைச் சங்கிலியில் விலை எவ்வாறு ஏறுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. பாகம் உற்பத்தியாளரிடமிருந்து மொத்த விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து கடைக்காரருக்கும் போகையில் ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை உற்பத்தியாளர் வரையறுப்பது அமெரிக்காவில் 1911 முதல் தன்னளவிலேயே சட்டவிரோதமாகக் கருதப்பட்டது. 2007-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒவ்வொரு நிகழ்விலும் நன்மை தீமைகளை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும் என்றது. விளம்பரத்தில் இதற்குக் கீழான விலையைக் காட்டக் கூடாது என்று கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தும் வழக்கமும் அங்கே வேரூன்றியுள்ளது. எந்தக் கடையில் தேடினாலும் ஒரே விலை தென்படுவதன் மர்மம் இதுதான். ஆஸ்திரேலியச் சட்டமோ இத்தகைய விலை நிர்ணயத்தை இன்றும் தடைசெய்கிறது. நுகர்வோர் நலனை நோக்க ஆஸ்திரேலிய நிலைப்பாடே மேலானது. தன் கடையின் சிக்கனத்தை விலையில் காட்ட விரும்பும் வணிகரை உற்பத்தியாளர் தடுப்பதற்கு நியாயம் எளிதில் கிடைப்பதில்லை.

கொள்ளை லாபம் என்ற குற்றச்சாட்டைக் கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நேர்மையாகும். ஏஆர்பியின் 2024 நிதியாண்டு விற்பனை ஏறத்தாழ 69 கோடி ஆஸ்திரேலிய டாலர். வரி போக நின்ற லாபம் 10 கோடியைச் சற்றுத் தாண்டியது. நூற்றுக்குப் பதினைந்து என்பது செழிப்பான லாபந்தான். ஆனால் இத்துறையின் முன்னணி நிறுவனமே இந்த அளவில் நிற்கும்போது, புல்பாரின் விலைக்கும் எஃகின் விலைக்கும் உள்ள பலமடங்கு இடைவெளியை லாபத்தால் விளக்க முடியாது. சில்லறை விற்பனையின் நிலை இன்னும் கடினம். அமெரிக்காவில் ஃபோர் வீல் பார்ட்ஸ் என்ற பெரிய கடைத்தொடரை நடத்திவந்த டிரான்ஸ்அமெரிக்கன் ஆட்டோ பார்ட்ஸ் நிறுவனத்தை போலாரிஸ் 2016-இல் 66.5 கோடி டாலருக்கு வாங்கி, 2022-இல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு விற்றுக் கைகழுவியது. வாங்கிய குழுமமும் 2024-இல் திவால் பாதுகாப்பை நாடிற்று. விலை உயர்ந்த பொருளை விற்பவரெல்லாம் பணத்தில் புரள்கின்றனர் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

அவ்வாறெனில் பாதி விலைக்குக் கிடைக்கும் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன? வின்ச்சை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து உபரியாகக் கிடந்த ஜீப்புகளுக்கான சக்கரப் பூட்டு ஹப்களோடு 1948-இல் தொடங்கிய அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959 முதல் மின் வின்ச் செய்து வருகிறது. அதன் வின்ச்சும் பெயரறியாத மலிவு வின்ச்சும் ஒரே 12,000 பவுண்டு இழுவிசையைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும். அந்த அளவு டிரம்மில் முதல் சுற்றுக் கயிறு மட்டும் இருக்கும் நிலைக்கே உரியது. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச்சுற்ற இழுவிசை குறைந்துகொண்டே போகும். அந்த ஒற்றை எண் சொல்லாதவை பல: மோட்டார் எத்தனை நிமிடம் சூட்டைத் தாங்கும், ஆற்றைக் கடந்தபின் உள்ளே தண்ணீர் புகாதிருக்குமா, சரிவில் சுமையோடு நிற்கையில் பிரேக் வழுக்காதிருக்குமா, பத்தாண்டுக்குப் பின் ஒரு பல்சக்கரம் மட்டும் தேவைப்பட்டால் கிடைக்குமா என்பன. மலிவு விலையில் கழிக்கப்பட்டவை இவைதாம். ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரை மணலில் இழுப்பவருக்கு அந்தக் கழிவு நல்ல பேரமே. தனியாக உள்நாட்டுக்குள் செல்பவருக்கு அது பேரம் அன்று. இழுவை வார், கொக்கி, வண்டியில் அவற்றை மாட்டும் பிடிப்பிடம் ஆகியவற்றிலோ எவருக்கும் மலிவு கூடாது. முறுக்கேறிய வாரின் முனையிலிருந்து பிய்ந்து பறக்கும் இரும்புத்துண்டு உயிரைக் குடித்திருக்கிறது. மாறாக விளக்குகளிலும் அலங்காரத் தகடுகளிலும் பெயருக்காகக் கொடுக்கும் விலை பெரும்பாலும் பெயருக்கான விலையாகவே நின்றுவிடுகிறது.

இதே பாகம் இந்தியாவில் வந்திறங்கும்போது வேறொரு கணக்கு சேர்கிறது. நூறு ரூபாய் மதிப்புள்ள வாகனப் பாகத்துக்கு 15 விழுக்காடு சுங்கத்தீர்வையும் அத்தீர்வையின் மேல் 10 விழுக்காடு சமூகநலக் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 116.50 ரூபாய் ஆகும். அதன் மேல் 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தவரை அடக்கம் ஏறத்தாழ 149 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாகக் குறைந்ததால் 137 ரூபாயைச் சற்றுத் தாண்டுகிறது. இந்தத் தொகையில்தான் இறக்குமதியாளரும் கடைக்காரரும் தம் பங்கை ஏற்றத் தொடங்குகின்றனர். புல்பாரைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியா தரநிலை வகுத்த இடத்தில் இந்தியா தடையை வகுத்தது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல்பார் போன்ற கிராஷ் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி உற்பத்தியாளரின் மூல வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உறுதிப்படுத்தியது. பாதசாரிகள் நிறைந்த சாலைகளில் தடைக்குக் காரணம் வலுவானதே. ஆயினும் சட்டப்படி விற்க வழியில்லாத பொருளைச் சோதிக்க எவரும் செலவிடுவதில்லை. தடையை மீறி மாட்டப்படுபவை பட்டறையில் அளவெடுத்துப் பற்றவைத்த குழாய்களாகவே இருக்கின்றன. அவற்றின் விலை எஃகின் எடையோடு ஒட்டி நிற்கிறது, காற்றுப்பை பற்றிய கவலை அதில் சேர்வதில்லை.

வண்டி நிறுவனங்களே இப்பாகங்களைத் தொழிற்சாலையில் பொருத்தித் தரத் தொடங்கியிருப்பது அண்மைக்கால மாற்றம். ஜீப் 2003-இல் ராங்லர் ரூபிகானை முன்னும் பின்னும் லாக்கர்களோடு விற்றது. ஃபோர்டு 2021-இல் மீட்டெடுத்த பிராங்கோவில் லாக்கர்களும் 35 அங்குல டயர்களும் ஒரே தொகுப்பாகக் கிடைத்தன. பல்லாயிரம் வண்டிகளுக்கு ஒரே ஆக்சில் செய்யும் ஆலையில் லாக்கரின் கூடுதல் அடக்கவிலை தனிக்கடைச் சரக்கின் விலையில் சிறு பங்காகவே இருக்கும். புதிய வண்டி வாங்குவோர் அதன் பயனை அடைகின்றனர். பழைய வண்டி வைத்திருப்போரின் நிலை எதிர்த்திசையில் நகர்கிறது. 1997 முதல் 2006 வரை வந்த டிஜே வகை ராங்லர்கள் ஆண்டுதோறும் குறைய, அவற்றின் ஆக்சிலுக்கான லாக்கரின் செலவைப் பங்கிட்டுக்கொள்வோரும் குறைகின்றனர். உற்பத்தியாளர் ஒரு கட்டத்தில் அதன் அச்சைப் புதுப்பிப்பதா, கைவிடுவதா என்று கணக்குப் பார்ப்பார். கைவிட்ட பிறகு மிஞ்சும் கடைசிச் சரக்கின் விலையை நிர்ணயிப்பது, அந்த வண்டியை விட மனமில்லாமல் ஓட்டிவரும் ஒரு சிலரின் தேவை மட்டுமே.